சவுண்டு கார்டை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து, அதாவது பழைய வடாற்காட்டிலிருந்து வந்தவை. ஐந்தும் லினக்ஸில் சத்தம் வராதது பற்றித்தான். அதனால் ஐந்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். என் அப்பா கூத்து வாத்தியாராக இருந்தவர். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துகளில் அவர் பாடியது நாற்பது கேசட்டுகளில் இருக்கிறது. அர்ச்சுனன் தபசு மரம் ஏறிய இரவில் அவர் பாடியதும் அதில் உண்டு. மகன் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொடுத்து, ஒரு யூஎஸ்பி சவுண்டு கார்டும் வாங்கி அனுப்பினான். அடாசிட்டி என்ற ஒலிப்பதிவு புரோகிராமில் பதிந்து வருகிறேன். பிரௌசரில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் 'சவுண்டு டிவைஸைத் திறக்க முடியவில்லை' என்று அடாசிட்டி சொல்கிறது. அடாசிட்டியை முதலில் ஓட விட்டால் பிரௌசர் ஊமையாகிவிடுகிறது, சில நேரம் வீடியோ படமே நகர்வதில்லை. ஆனால் சில நாள் எல்லாம் நன்றாக வேலை செய்கிறது. பஜாரில் காட்டினேன். கார்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள். வாங்கட்டுமா?
(குடியாத்தம் வாசகர்)

பதில்: வாங்காதீர்கள் ஐயா, உங்கள் கார்டு நன்றாக இருக்கிறது. கெட்டுப்போன கார்டு பிரௌசரை மூடியதும் சரியாகிவிடாது.

கூத்துக்கு மைக் செட் கட்டுவதை நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். ஆம்ப்ளிஃபயரில் வயர் செருக ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆர்மோனியத்தின் மைக்கைச் செருகிவிட்டால் முகவீணைக்கு இடம் இல்லை. அதற்காகத்தான் மைக் செட்காரர் நடுவில் ஒரு மிக்ஸரை வைக்கிறார், எல்லார் வயரும் மிக்ஸருக்கு வரும், அங்கிருந்து ஒரே வயர் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். உங்கள் சவுண்டு கார்டு அந்த ஆம்ப்ளிஃபயர் மாதிரி. இப்போது வரும் சாதாரண யூஎஸ்பி கார்டுகளில் ஒலிக்க ஒரு வாசல், பதிய ஒரு வாசல், அவ்வளவுதான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கும் ஆல்சா என்ற பகுதி அந்த வாசலை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமுக்குத்தான் திறந்துவிடும், இரண்டாவதாக வருகிறவருக்கு 'டிவைஸ் பிஸி' என்ற பதில்தான் கிடைக்கும். மிக்ஸர் வேலையைச் செய்வது பல்ஸ்ஆடியோ, அல்லது அதன் பிறகு வந்த பைப்வயர். மின்ட் 21 வரை பல்ஸ்ஆடியோ இருந்தது, 2024-ல் வந்த மின்ட் 22-லிருந்து பைப்வயர்.

உங்கள் பிரௌசர் ஒழுங்காக மிக்ஸரிடம்தான் வயரைக் கொடுக்கிறது. அடாசிட்டியின் டிவைஸ் பட்டியலில் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் 'எச்டபிள்யூ' என்ற எழுத்துகளும் இரண்டு எண்களும் போட்ட வரி ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைத் தேர்ந்தெடுத்தால் அடாசிட்டி மிக்ஸரைத் தாண்டிப்போய் நேராக ஆம்ப்ளிஃபயரின் ஓட்டையிலேயே செருகப் பார்க்கும். மிக்ஸரின் வயர் ஏற்கனவே அங்கே இருந்தால் அடாசிட்டிக்கு இடம் இல்லை, அடாசிட்டி முந்திக்கொண்டால் மிக்ஸருக்கு இடம் இல்லை, மிக்ஸரை நம்பியிருக்கும் எல்லாமே அதோடு ஊமை.

சரி, சில நாள் மட்டும் எப்படி வேலை செய்கிறது? இதுதான் பலரைக் குழப்புகிறது, கடைக்காரரையும் இதுதான் குழப்பியிருக்கும். பல்ஸ்ஆடியோ, பைப்வயர் இரண்டுமே யாரும் எதையும் ஒலிக்கவில்லை என்றால் சுமார் 5 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கார்டைத் தாமாகவே விட்டுவிடும். பிரௌசரில் பாட்டை நிறுத்திவிட்டு நீங்கள் கேசட்டைத் திருப்பிப் போட்டு, ஹெட்டைத் துடைத்து, நிதானமாக வந்து பதிவு பொத்தானை அழுத்தினால் அந்த 5 விநாடி கடந்திருக்கும், வேலை செய்யும். உடனே அழுத்தினால் செய்யாது. இன்னொன்று, பதிவு செய்யும்போதும் ஏற்கனவே பதிந்த டிராக்கை அடாசிட்டி கூடவே ஒலிக்கவிடும், அதாவது பதிவுக்குப் போனாலும் ஒலிக்கும் வாசலும் அதற்கு வேண்டியிருக்கிறது. நாம் பதியத்தானே செய்கிறோம், பிரௌசருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் யோசித்திருந்தால், சம்பந்தம் அதுதான்.

கார்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று யூகிக்க வேண்டியதில்லை, கணினியையே கேட்கலாம். போனில் சொல்வது போல எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன், கட்டளை அடிக்கும் டெர்மினல் சன்னலில் ஆங்கிலத்தில் அடியுங்கள். சுடோ, இடைவெளி, ஃபியூசர் (எஃப், யூ, எஸ், ஈ, ஆர்), இடைவெளி, மைனஸ் வி, இடைவெளி, பிறகு சாய்கோடு டெவ் சாய்கோடு எஸ்என்டி சாய்கோடு நட்சத்திரக்குறி. வரும் பட்டியலில் 'கன்ட்ரோல்' என்று தொடங்கும் வரிகளைக் கண்டு பயப்படாதீர்கள், அது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதி, அதை எத்தனை பேர் வேண்டுமானாலும் திறந்து வைத்திருக்கலாம். 'பிசிஎம்' என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். கடைசி எழுத்து பி என்றால் ஒலிக்கும் வாசல், சி என்றால் பதிவு வாசல். எதிரே இருக்கும் புரோகிராம் பெயர்தான் நீங்கள் தேடும் ஆள். பல்ஸ்ஆடியோ அல்லது பைப்வயர் என்று இருந்தால் சரியான ஆள்தான் பிடித்திருக்கிறது. வேறு பெயர் இருந்தால் அதைத்தான் விசாரிக்க வேண்டும்.

சாதாரணமாகக் கேட்டுப் பார்க்க, அடாசிட்டியில் ஒலிப்பதற்கும் பதிவதற்கும் 'எச்டபிள்யூ' வரியை விட்டுவிட்டு 'டிஃபால்ட்' அல்லது 'பல்ஸ்' என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். சண்டை அதோடு முடிந்துவிடும்.

ஆனால் அப்பாவின் குரலைக் காப்பாற்றும் வேலைக்கு நான் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்வேன். அந்தப் பதிவுக்கு மட்டும் கார்டை அடாசிட்டி தனியாகப் பிடிக்கட்டும். மிக்ஸர் வழியாகப் போகும்போது கேசட்டின் ஒலி தேவையில்லாமல் வேறு சாம்பிள் வேகத்துக்கு (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற கணக்கு) மாற்றப்படலாம். அதைவிட முக்கியமானது, வீடியோ கால் பேசும் டேப் ஒன்று திறந்திருந்தால் பிரௌசர் உங்கள் மைக் அளவைத் தானாகவே ஏற்றி இறக்கிவிடும், அரை மணி நேரம் கழித்துக் கேட்டால் பாட்டு நடுவில் அமுங்கிப்போயிருக்கும். அதனால் 'பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோல்' என்ற கருவியை நிறுவி, அதில் 'கான்ஃபிகரேஷன்' பக்கத்தில் யூஎஸ்பி கார்டுக்கு நேரே 'ஆஃப்' வையுங்கள். மிக்ஸர் அந்தக் கார்டைத் தொடாது, லேப்டாப்பின் சொந்தக் கார்டில் மற்றதெல்லாம் வழக்கம்போல ஓடும். இப்போது அடாசிட்டியில் 'எச்டபிள்யூ' வரியையே தேர்ந்தெடுத்துப் பதியலாம். 48,000 வேகம், 16 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 690 எம்பி. பதிந்ததை ஃப்ளாக் வடிவில் சேமித்தால் தரம் குறையாமல் இடம் மிச்சமாகும்.

வாங்குவதானால் ஒன்றே ஒன்றை யோசிக்கலாம். மலிவான யூஎஸ்பி கார்டுகளில் மைக் ஓட்டை பெரும்பாலும் மோனோ, அதுவும் மைக்கின் மெல்லிய சிக்னலுக்காகச் செய்தது. டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் வயரை அதில் செருகினால் சத்தம் உடைந்து போகும். 'லைன் இன்' உள்ள கார்டு நல்லது. அது வரை டேப்பின் வால்யூமை நன்றாகக் குறைத்து வைத்துப் பதியுங்கள். வேலூர் வெயிலில் கேசட்டுகள் இன்னும் எத்தனை கோடையைத் தாங்கும் என்று தெரியாது, அதனால் கார்டுக்காகக் காத்திருக்காமல் தபசு இரவுக் கேசட்டை முதலில் பதிந்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் பாலிடெக்னிக் மாணவன். அக்காவுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில்தான் லினக்ஸ் கற்றேன். ஒரு புரோகிராம் சவுண்டு கார்டைப் பிடித்தால் மற்றது ஊமையாகிறது, விண்டோஸில் இந்தப் பிரச்சினையே இல்லையே, லினக்ஸை எழுதியவர்கள் ஏன் இதை முதலிலேயே யோசிக்கவில்லை?
(காட்பாடி வாசகர்)

பதில்: நல்ல கேள்வி தம்பி. 2011-ல் தொடங்கிய அந்த லேப்டாப் திட்டத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. நம் மாவட்டத்தில் நிறைய பிள்ளைகள் லினக்ஸை முதலில் பார்த்தது அதில்தான்.

யோசிக்காமல் இல்லை. ஃபின்லாந்தின் ஹன்னு சவோலைனென் 1990-களின் தொடக்கத்தில் லினக்ஸுக்கு ஒலி டிரைவர் எழுதியபோது யுனிக்ஸ் வழக்கப்படி சவுண்டு கார்டும் ஒரு கோப்பு மாதிரிதான், 'டெவ் டிஎஸ்பி' என்று பெயர். திற, எழுது, மூடு. ஒருவர் திறந்தால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். ஒரு கணினி ஒரு பாட்டு பாடுவதே அதிசயமாக இருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. அப்புறம் கேடிஈ, க்னோம் என்று சன்னல்களும் ஐகான்களும் காட்டும் டெஸ்க்டாப்புகள் வந்தன. கேடிஈ தனக்கு ஆர்ட்ஸ் என்றொரு மிக்ஸரை வைத்துக்கொண்டது, க்னோமுக்கு ஈஎஸ்டி என்று வேறொன்று. இரண்டு மிக்ஸர், ஒரே ஓட்டை. நான் வேலூரில் ஒரு பிரௌசிங் சென்டரில் லினக்ஸ் பழகிய நாட்களில் எக்ஸ்எம்எம்எஸ் என்ற புரோகிராமில் பாட்டு ஓடினால் வேறு எதிலும் சத்தம் கேட்காது, ஏன் என்று சொல்லித்தர ஆள் இல்லாமல் கணினியையே ரீஸ்டார்ட் செய்வோம். அந்தத் திணறல் நினைவிருப்பதால்தான் இந்தப் பகுதியில் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

யாரோஸ்லாவ் கிசெலா 1998-ல் தொடங்கிய ஆல்சா, 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலோடு எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. அதே 1998-ல் வந்த சவுண்டு பிளாஸ்டர் லைவ் மாதிரிக் கார்டுகளில் பல ஒலிகளைக் கலக்கும் வேலையைச் சிப்பே செய்தது, ஆல்சாவில் அதற்குப் பல வாசல்கள் தெரியும், சண்டையே வராது. ஆனால் இன்டெல்லின் ஏசி'97, பிறகு 2004-ல் எச்டி ஆடியோ என்று மதர்போர்டிலேயே மலிவாக ஒலி வர ஆரம்பித்ததும் கலக்கும் வேலை சிப்பிலிருந்து சாஃப்ட்வேருக்கு வந்துவிட்டது. ஆல்சாவிலேயே டிமிக்ஸ் என்று ஒரு கலவைக் கருவி உண்டு, பதிவுக்கு டிஸ்னூப். லெனார்ட் பெட்டரிங் 2004-ல் தொடங்கிய பல்ஸ்ஆடியோ 2007-ல் ஃபெடோரா 8, 2008-ல் உபுன்டு 8.04 என்ற லினக்ஸ் பதிப்புகளில் வந்தது. முதலில் அதற்கு நிறைய திட்டு விழுந்தது. கார்டை நேராகப் பிடித்துப் பழகிய பழைய புரோகிராம்கள் ஒரு பக்கம், டிரைவர்களில் இருந்த ஓட்டைகள் ஒரு பக்கம், பழி எல்லாம் நடுவில் இருந்த மிக்ஸர்மேல். என் கணக்கில் அந்தத் திட்டில் பாதிக்குமேல் நியாயம் இல்லை. இப்போது விம் டேமன்ஸின் பைப்வயர் அந்த இடத்தில் இருக்கிறது. 2021-ல் ஃபெடோரா 34-லும், 2022 அக்டோபரில் உபுன்டு 22.10-லும் அது வந்தது.

விண்டோஸைப் பற்றிச் சொன்னாய். அங்கும் விஸ்டாவிலிருந்து 'எக்ஸ்க்ளூசிவ் மோடு' உண்டு, சவுண்டு டிவைஸின் பிராப்பர்ட்டீஸில் போய்ப் பார், டிக் அடித்தே இருக்கும். அதைப் பிடிக்கும் புரோகிராம் ஒன்று ஓடினால் அங்கும் மற்றவை ஊமைதான்.

கேள்வி: வணக்கம் சார். நான் பிறவியிலிருந்தே பார்வையற்றவள். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். டெபியன் லினக்ஸைப் பேச்சு வசதியோடு நானே நிறுவினேன், யார் உதவியும் இல்லாமல். எழுத்து மட்டும் உள்ள டெக்ஸ்ட் கன்சோலில் கணினி பேசுகிறது, டெஸ்க்டாப்புக்குள் வந்ததும் திரையை வாசித்துச் சொல்லும் ஆர்கா பேசுவதில்லை. சில நாள் ஆர்கா பேசுகிறது, கன்சோல் பேசுவதில்லை. அண்ணன் திரையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்.
(வாணியம்பாடி வாசகர்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் இந்த மாதம் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். மற்றவர்களுக்குச் சவுண்டு கார்டு பிஸியானால் பாட்டு நிற்கும், உங்களுக்குத் திரையே போய்விடுகிறது. லினக்ஸ் ஒலி அமைப்பை எழுதுகிறவர்கள் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியது இந்த நிலையைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் கணினியில் இரண்டு பேர் பேசுகிறார்கள். கன்சோலில் பேசுவது எஸ்பீக்அப் (ஈ, எஸ், பி, ஈ, ஏ, கே, யூ, பி). டெபியனைப் பேச்சோடு நிறுவினால் அதுவும் கூடவே வந்துவிடும். அது கணினியின் நிர்வாகியான ரூட் பயனராக ஓடி, ஆல்சா வழியாக நேராகக் கார்டைப் பிடிக்கிறது. ஆர்கா பேசுவது ஸ்பீச் டிஸ்பேட்சர் என்ற இடைப் புரோகிராம் வழியாக, அங்கிருந்து உங்கள் பயனர் பெயரில் ஓடும் பல்ஸ்ஆடியோ அல்லது பைப்வயர் வழியாக. இருவருக்கும் நடுவில் பொதுவான மிக்ஸர் கிடையாது. யார் முந்துகிறாரோ அவருக்குக் குரல், அதனால்தான் நாளுக்கு ஒரு மாதிரி நடக்கிறது. அண்ணன் சொல்வதும் உண்மைதான், ஆர்கா ஓடிக்கொண்டுதான் இருக்கும், குரல் வெளியே வர வழி இல்லை.

கன்சோல் அதிகம் தேவையில்லை என்றால், அது பேசும் நாளில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தி உள்ளே போய் இதை அடியுங்கள்: சுடோ, சிஸ்டம்சிடிஎல், டிசேபிள், எஸ்பீக்அப். நடுவில் 'நௌ' என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லி யாராவது எழுதியிருந்தால் சேர்க்க வேண்டாம், சேர்த்தால் அந்த நொடியே பேச்சு நின்றுவிடும். சேர்க்காவிட்டால் இப்போது பேசிக்கொண்டே இருக்கும், அடுத்த முறை கணினி தொடங்கும்போதுதான் எஸ்பீக்அப் வராது. ரீஸ்டார்ட் செய்தபின் ஆர்கா பேசவில்லை என்றால் சூப்பர் (விண்டோஸ் சாவி), ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், க்னோமில் ஆர்காவைத் தொடங்கும் சாவி அது. அதுவும் ஆகவில்லை என்றால் திரும்பி வரும் வழி இது, முன்கூட்டியே விரலில் பழகி வையுங்கள்: கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3, பயனர் பெயர், என்டர், கடவுச்சொல், என்டர், பிறகு அதே கட்டளையில் டிசேபிளுக்குப் பதில் ஸ்டார்ட், என்டர், மறுபடி கடவுச்சொல், என்டர். குரல் திரும்பிவிடும்.

இரண்டும் வேண்டும் என்றால் எனக்குப் பிடித்த வழி இரண்டாவது சவுண்டு கார்டு. குடியாத்தம் ஆசிரியரிடம் வாங்க வேண்டாம் என்றேன், உங்களிடம் வாங்குங்கள் என்கிறேன். ஒரு சின்ன யூஎஸ்பி கார்டை எஸ்பீக்அப்புக்கு ஒதுக்கிவிட்டு, லேப்டாப்பின் சொந்தக் கார்டை டெஸ்க்டாப்புக்கு விட்டுவிட்டால் இரண்டு பேரும் எப்போதும் மோத மாட்டார்கள். எந்தக் கார்டு யாருக்கு என்று அமைப்பதை அண்ணன் உட்கார்ந்து ஒரு முறை செய்துகொடுத்தால் போதும். மிக்ஸர் பக்கம் அந்த யூஎஸ்பி கார்டை 'ஆஃப்' வைக்க மறக்க வேண்டாம், இல்லையென்றால் ஆர்காவும் அதையே தேடிப் போகலாம்.

கேள்வி: பிரதர், கீபோர்டு வாசிக்கிறேன். இசை வாசிப்பவர்களுக்கான ஜாக் என்ற ஒலி புரோகிராமை ஸ்டார்ட் செய்தால் மற்ற எல்லாம் ஊமை. ஜாக்கை விட்டுவிடவா?
(ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: ஜாக் கார்டைத் தனியாகக் கேட்பது தாமதத்தைக் குறைக்க. 48,000 வேகத்தில் 1024 ஃப்ரேம் பஃபர் (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் இடம்) என்றால் சுமார் 21 மில்லிவிநாடி, விரல் ஒரு பக்கம் ஒலி ஒரு பக்கம் போகிற மாதிரி இருக்கும். 128 என்றால் 3 மில்லிவிநாடிக்கும் குறைவு. ஜாக் வந்ததும் மிக்ஸர் மரியாதையாகக் கார்டை விட்டுக்கொடுக்க புரோகிராம்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாக ஓர் ஒப்பந்தமே இருக்கிறது, உங்களிடம் நடப்பது அதுதான், கோளாறு இல்லை. புதிய டிஸ்ட்ரோ (லினக்ஸ் பதிப்பு) போட்டு பைப்வயரின் ஜாக் பேக்கேஜை நிறுவுங்கள், அதே ஜாக் புரோகிராம்கள் பிரௌசரோடு சேர்ந்து ஓடும். மேடைக்குப் போகும் லேப்டாப் என்றால் மட்டும் பழைய ஜாக்கே இருக்கட்டும், நடுவில் நோட்டிஃபிகேஷன் சத்தம் ஸ்பீக்கரில் போகாமல் இருப்பது அங்கே நல்லதுதான்.

கேள்வி: வீட்டில் ஒரே கணினி, எனக்கும் மனைவிக்கும் தனித்தனி லாகின். அவர் லாகினில் சத்தம் வராததால் இரண்டு பேரையும் சவுண்டு கார்டைத் திறக்க அனுமதி உள்ள 'ஆடியோ' என்ற பயனர் குழுவில் சேர்க்கச் சொன்னார் ஒருவர். சேர்த்தபின் நிலைமை இன்னும் மோசம். ஃபியூசருக்கு மைனஸ் கே போட்டால் பிடித்திருக்கும் புரோகிராமைக் கொன்றுவிடுமாமே, அதைச் செய்யலாமா?
(சத்துவாச்சாரி வாசகர்)

பதில்: மைனஸ் கே வேண்டாம். கார்டைப் பிடித்திருப்பது பெரும்பாலும் மிக்ஸர்தான், அதைக் கொன்றால் எல்லார் சத்தமும் போகும், அது உடனே எழுந்து வந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆடியோ குழுவிலிருந்து இரண்டு பேரையும் எடுத்துவிடுங்கள். இப்போதைய லினக்ஸில் திரைக்கு முன்னால் இருக்கும் பயனருக்கு மட்டும் கார்டைத் திறந்துவிடும் வேலையை லாகின்டி என்ற பகுதி பார்த்துக்கொள்கிறது. குழுவில் சேர்த்துவிட்டால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும், நீங்கள் லாக் அவுட் செய்யாமல் எழுந்துபோன பாட்டு அவர் லாகினிலும் கார்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். எடுத்த பிறகு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகும் அவருக்குச் சத்தம் வரவில்லை என்றால், அவர் லாகினில் இருக்கும்போது மேலே சொன்ன ஃபியூசர் கட்டளையை மைனஸ் வி போட்டு ஓட்டி, பயனர் பெயர் இருக்கும் பத்தியில் என்ன வருகிறது என்று எழுதி அனுப்புங்கள்.